புராஸ்டேட் வீக்கத்துக்கு கத்தி வேண்டாம், ஒலி அலை போதுமா? பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கீரனூர்:

ராத்திரியில் நாலு தடவை, அஞ்சு தடவை எழுந்து டார்ச் லைட்டோடு கொல்லைப்பக்கம் போகிற பெரியவர்கள் இல்லாத தெரு கிடையாது. போனாலும் உடனே வராது. முக்கி நிற்க வேண்டும். வந்தாலும் நூல் மாதிரி வரும், விட்டு விட்டு வரும். திரும்பி வந்து படுத்தால் அரை மணி நேரத்தில் மறுபடியும் முட்டும். "வயசாச்சு, உடம்பு சூடு" என்று சொல்லியே வருடக்கணக்கில் ஓட்டி விடுகிறார்கள்.

பழனி தாலுகா கீரனூர் பக்கத்திலும் இதே கதைதான். (புதுக்கோட்டை கீரனூர் வேறு. இது பழனிக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் உள்ள பேரூராட்சி.) வயக்காட்டு வேலை, லோடு வேலை, டிரைவர் வேலை என்று ஓடிய ஆண்கள் 60 வயதை தாண்டும்போது இந்த தொல்லை வந்து உட்கார்ந்து விடுகிறது. வெளியில் சொல்ல கூச்சம். ஆஸ்பத்திரிக்கு போனால் ஆபரேஷன் என்று சொல்லி விடுவார்களோ என்று பயம்.

இந்த பயத்துக்கு மருந்து போல வருகிறது செல்போன் வீடியோ. "கத்தி இல்லை, ரத்தம் இல்லை, ஒலி அலையிலேயே புராஸ்டேட் சுருங்கும்" என்கிறது. பார்த்த பெரியவர் மகனிடம் காட்டுகிறார். "இது எங்கப்பா பண்றாங்க? என்ன செலவாகும்? அந்த அரை ஏக்கரை வித்தாவது பண்ணிடலாமா?" என்று கேட்கிறார்.

அரை ஏக்கரை விற்பதற்கு முன் விஷயம் என்ன என்று பார்த்து விடலாம்.

புராஸ்டேட் எங்கே இருக்கிறது?

சிறுநீர்ப் பைக்கு கீழே, ஆண்களுக்கு மட்டும் இருக்கிற சுரப்பி இது. வாலிப வயதில் பெரிய நெல்லிக்காய் அளவு, சுமார் 20 கிராம் இருக்கும். சிறுநீர் வெளியேறும் குழாய் இந்த சுரப்பியின் நடுவே புகுந்துதான் வருகிறது. சிக்கலுக்கு காரணம் இந்த அமைப்புதான். வயது ஏற ஏற சுரப்பி பெருக்கும். உள்பக்கமாக பெருத்தால் நடுவில் போகும் குழாயை நெருக்கும். சொட்டுநீர் பைப்பை காலால் மிதித்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும், அதே நிலைதான்.

60 வயதில் ஆண்களில் பாதி பேருக்கு இந்த பெருக்கம் இருக்கும். 80 வயதை தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கும். இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதால் டாக்டர்கள் சோதித்து பார்ப்பார்கள்.

ஒரு வேடிக்கை. சுரப்பி பெரிதாக இருந்தால் தொல்லையும் பெரிது என்று கணக்கு போட முடியாது. 30 கிராம் சுரப்பி ஒருவருக்கு அடைத்து விடும். 80 கிராம் சுரப்பியோடு இன்னொருவர் நன்றாகவே போய்க்கொண்டிருப்பார். எந்த பக்கமாக வளர்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் "கிரேடு 2" என்று போட்டிருப்பதை பார்த்து வீட்டில் அழுகை கிளம்ப வேண்டியதில்லை.

வால்வை மூடி மோட்டார் ஓட்டினால்...

இந்த தொல்லையில் உயிருக்கு உலை வைப்பது தூக்கம் கெடுவது அல்ல. கேட் வால்வை பாதி மூடிவிட்டு மோட்டார் ஓட்டினால் மோட்டார்தான் திணறும். சிறுநீர்ப் பையும் அப்படித்தான். நெருக்கத்தை மீறி தள்ளித் தள்ளி அதன் சுவர் தடிக்கும். பிறகு ஒரு கட்டத்தில் தளர்ந்து போகும். உள்ளே எப்போதும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். நின்ற தண்ணீரில் கிருமி வளரும், கல் உருவாகும். அழுத்தம் மேலே ஏறி கிட்னியை வீங்க வைக்கும்.

இதில் வலி இருக்காது என்பதுதான் கொடுமை. "வலி இல்லையே, அப்புறம் என்ன" என்று இருந்தவர் கால் வீங்கி, சாப்பாடு பிடிக்காமல் போய், கடைசியில் ரத்த சோதனையில் கிரியாட்டினின் எகிறி இருப்பது தெரிந்து டயாலிசிஸ் வாசலில் நிற்பதும் உண்டு. நெருக்கத்தை நேரத்தோடு எடுத்திருந்தால் தப்பித்திருக்கும் கிட்னி அது.

இன்னொன்றையும் வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். தாத்தா படுக்கையிலேயே சிறுநீர் போய் விடுகிறார் என்று மருமகள் முகம் சுளிப்பார். "வயசாகி கட்டுப்பாடு போச்சு" என்பார்கள். கட்டுப்பாடு போனதால் மட்டும் இப்படி ஆவதில்லை. பை முழுக்க நிரம்பி, அடைத்துக்கொண்டு, வழிந்து சொட்டுகிற சொட்டாகவும் இருக்கும். நிறைந்த குடம் வழிவதை பார்த்துவிட்டு குடம் ஓட்டை என்று சொன்ன கதைதான். அடிவயிறு உருண்டையாக தெரிகிறதா என்று பார்த்தாலே சந்தேகம் வந்துவிடும். ஒரு ஸ்கேனில் உண்மை தெரியும். திட்டு வாங்குகிற பெரியவருக்கு வேண்டியது வைத்தியம்.

ஸ்கேன் வேறு, இந்த ஒலி அலை வேறு

சரி, ஒலி அலை வைத்தியத்துக்கு வருவோம். "நான்தான் பழனியில் அல்ட்ரா சவுண்டு எடுத்தேனே, அப்பவே சரியாகி இருக்கணுமே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வியில் தப்பில்லை. இரண்டும் ஒலி அலைதான். மனித காது கேட்கும் அளவை தாண்டிய ஒலி.

ஸ்கேன் மெஷின் அந்த ஒலியை மெதுவாக, பரவலாக உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து படம் போடுகிறது. அதனால் உடம்பில் எதுவும் சுடாது. வயிற்றுப் பிள்ளைக்கே எடுக்கிறார்கள்.

வைத்தியத்துக்கான மெஷின் அதே ஒலியை பல மடங்கு பலமாக்கி ஒரே புள்ளியில் குவிக்கிறது. வெயிலில் லென்சை பிடித்து பேப்பரை பற்ற வைத்து விளையாடாத பையன் உண்டா? லென்சுக்கும் பேப்பருக்கும் நடுவில் கையை நீட்டினால் அவ்வளவாக சுடாது. வெளிச்சம் குவியும் புள்ளியில் மட்டும் புகையும். அதே கணக்குதான் இதுவும். நடுவில் உள்ள சதை தப்பிக்கும். குவியும் இடத்தில், அரிசி மணி அளவு இடத்தில், சில விநாடிகளில் 60 டிகிரிக்கு மேல் சூடேறி அந்த சதை வெந்து செத்துப் போகும். இப்படி புள்ளி புள்ளியாக நூற்றுக்கணக்கான இடங்களில் சுட்டு வருவார்கள். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துக்களை சேர்த்து இதை "ஹைஃபூ" என்பார்கள்.

புராஸ்டேட்டுக்கு செய்யும்போது விரல் கனத்துக்கு மேல் இருக்கும் ஒரு கருவியை ஆசனவாய் வழியாக வைத்து, அங்கிருந்து ஒலியை குவிப்பார்கள். கத்தி இல்லை என்பது நிஜம். மயக்க மருந்து உண்டு. சிறுநீர் டியூப் உண்டு. விளம்பரத்தில் இந்த இரண்டும் வராது.

புதுசு அல்ல, பழசு

வீடியோவில் நேற்று கண்டுபிடித்த மாதிரி சொல்கிறார்கள். ஒலியை குவித்து சதையை சுடும் யோசனைக்கு 80 வயது தாண்டிவிட்டது. 1942-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதலில் செய்து காட்டினார்கள். 1950-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஃப்ரை சகோதரர்கள், வில்லியமும் பிரான்சிஸும், மூளையில் செய்ய முயன்றார்கள். அப்போது மண்டை ஓட்டை திறந்துதான் செய்ய முடிந்தது.

புராஸ்டேட் வீக்கத்துக்கு இதை செய்து பார்த்தது 1990-களின் தொடக்கத்தில். அமெரிக்காவில் இண்டியானா, ஆஸ்திரியாவில் வியன்னா ஆகிய இடங்களில் நடந்தது. முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். நோயாளிகளுக்கு சிறுநீர் வேகம் கூடியது, தொல்லை குறைந்தது. வியன்னா டாக்டர்கள் அதோடு விடவில்லை. அந்த நோயாளிகளை 4 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 2000-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். 4 வருடத்துக்குள் 10 பேரில் 4 பேருக்கும் மேல், பலன் போதாமல், வழக்கமான ஆபரேஷனுக்கே திரும்பி வந்திருந்தார்கள்.

ஏன் இப்படி? யோசித்தால் புரியும். வீக்கத்துக்கு வேண்டியது வழி. அடைத்து நிற்கும் சதையை எடுத்து வெளியே போட்டால்தான் வழி கிடைக்கும். ஒலி அலை சதையை சுடுகிறது, எடுப்பதில்லை. சுட்ட சதை முதலில் வீங்கும். அந்த நாட்களில் இருந்ததை விட அடைப்பு கூடும், அதனால்தான் டியூப் போட்டு அனுப்புகிறார்கள். பிறகு செத்த சதை மெதுவாக கரைந்தோ உதிர்ந்தோ போக வேண்டும். சிலருக்கு நன்றாக உதிர்ந்து பள்ளம் விழும், சிலருக்கு விழாது. சுரப்பிக்குள் சுண்ணாம்பு மாதிரி கல் படிந்திருந்தால் ஒலி அங்கேயே தடுத்து நின்று விடும். சுரப்பி ரொம்ப பெரிதாக இருந்தால் தூரத்து பகுதிக்கு எட்டாது.

"கிட்னி கல்லை ஒலி அலையில் உடைக்கிறாங்களே, இதை முடியாதா?" என்று கேட்பார்கள். ஜெர்மனியில் முனிச் நகரில் 1980-ல் தொடங்கிய அந்த வைத்தியம் இன்று நம் ஊர் பக்கம் வரை வந்துவிட்டது. ஆனால் கல் கெட்டியான பொருள். அதிர்ந்தால் உடையும், தூளாகி சிறுநீரோடு போய்விடும். புராஸ்டேட் சதை. அது தூளாகாது.

அப்படியானால் ஏமாற்று வேலையா?

அப்படி ஒரேயடியாக சொல்லவும் கூடாது. வீக்கத்தில் தோற்ற மெஷின் வேறு இடங்களில் ஜெயித்திருக்கிறது. பிரான்ஸ் நாட்டில் லியான் நகர டாக்டர்கள் 1990-களிலேயே இதை புராஸ்டேட் புற்றுநோய் பக்கம் திருப்பினார்கள். அங்கே வழி திறக்க வேண்டிய வேலை இல்லை. புற்று உள்ள இடத்தை சுட்டுக் கொல்வதே வேலை. அதற்கு இது தோதாக இருந்தது. சுரப்பியின் ஒரு ஓரத்தில் மட்டும் புற்று இருப்பவர்களுக்கு இன்று பல நாடுகளில் செய்கிறார்கள். கர்ப்பப்பை கட்டிக்கு 2004-லும், கை நடுக்க நோய்க்கு 2016-லும் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நடுக்கத்துக்கான மெஷின் கோவைக்கே வந்துவிட்டது. மண்டையை திறக்காமல், எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுக்க வைத்து, மூளையில் ஒரு புள்ளியை மட்டும் சுடுகிறார்கள். டம்ளரை பிடிக்க முடியாதவர் அன்றே பிடிக்கிறார். நம்ப முடியாத விஷயம்தான், ஆனால் நிஜம்.

அந்த நிஜத்தை இந்த வியாதிக்கு கடன் வாங்குவதில்தான் குழப்பம் வருகிறது. 2015-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. என்ற மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு புராஸ்டேட்டுக்கான இந்த மெஷின்களை விற்க அனுமதித்தது. அனுமதி கடிதத்தில் இருப்பது "புராஸ்டேட் சதையை அழிக்க" என்பது மட்டும். வீக்கம் குணமாகும் என்றோ, புற்று குணமாகும் என்றோ அதில் இல்லை. "அமெரிக்க அனுமதி பெற்றது" என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டால் பொய் இல்லை. ஆனால் படிப்பவர் நினைத்துக்கொள்வது வேறு.

ஆராய்ச்சியும் நிற்கவில்லை. சூட்டுக்கு பதில் ஒலியின் அதிர்ச்சியாலேயே சதையை கூழாக்கும் இன்னொரு முறையை அமெரிக்காவில் 25 பேருக்கு செய்து 2018-ல் முடிவு சொன்னார்கள். தொல்லை குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். அளந்து பார்த்தால் சிறுநீர் வேகம் சொல்லும்படி கூடவில்லை. பின்லாந்து நாட்டு டாக்டர்கள் வேறு வழியில் போனார்கள். சிறுநீர் குழாய்க்குள்ளேயே மெல்லிய கம்பியை விட்டு, எம்.ஆர்.ஐ.யில் பார்த்துக்கொண்டே உள்ளிருந்து சுடுகிறார்கள். ஒரு வருடம் கழித்தும் வேகம் நன்றாக இருந்தது, சுரப்பியும் சுருங்கி இருந்தது. இதில் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் செய்து பார்த்தது 10 பேருக்கு. 10 பேரை வைத்து ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்ல முடியாது.

அமெரிக்க, ஐரோப்பிய யூராலஜி சங்கங்கள் புராஸ்டேட் வீக்கத்துக்கு சிபாரிசு செய்யும் வைத்தியங்களில் குவித்த ஒலி அலை இல்லை. இன்றைய நிலவரம் இதுதான்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்வதில்லை. வழக்கமான ஆபரேஷனில் எடுத்த சதையை லேபுக்கு அனுப்பி, உள்ளே புற்று ஒளிந்திருக்கிறதா என்று பார்த்து விடுவார்கள். சுட்டுக் கருக்கினால் லேபுக்கு அனுப்ப சதை இருக்காது.

கையில் இருக்கும் வைத்தியம்

எல்லோருக்கும் ஆபரேஷன் இல்லை. அதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். தொல்லையை அளக்க டாக்டர்கள் 7 கேள்வி கேட்பார்கள். ராத்திரி எத்தனை தடவை, அடக்க முடிகிறதா, முக்க வேண்டி இருக்கிறதா, இந்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மார்க். மொத்தம் 35. மார்க் 7-க்குள் இருந்தால் பெரும்பாலும் மாத்திரை கூட வேண்டாம். சாயங்காலத்துக்கு மேல் டீ, தண்ணீரை குறைப்பது, மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்வது போதும். 8 முதல் 19 வரை நடுத்தரம். 20-க்கு மேல் கடுமை. பள்ளிக்கூட மார்க்குக்கு நேர் எதிர், இங்கே குறைய குறைய நல்லது.

மாத்திரையில் இரண்டு வகை. டாம்சுலோசின் போன்றது நெருக்கும் தசையை தளர்த்தும். சில நாளிலேயே பலன் தெரியும். படுத்திருந்து சடாரென எழுந்தால் தலை சுற்றும் என்பதால் ராத்திரி சாப்பிட்டதும் போட சொல்வார்கள். எழும்போது கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழ வேண்டும். ஃபினாஸ்டரைடு, டூடாஸ்டரைடு போன்றவை சுரப்பியை சுருக்கும். ஆனால் பலனுக்கு 6 மாதம் ஆகும். "ரெண்டு மாசம் போட்டேன், ஒண்ணும் கேக்கலை" என்று நிறுத்துவது இதில்தான். இந்த மாத்திரை போட்டால் புற்றுநோய் சந்தேகத்துக்கு பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்த சோதனை பாதியாக குறைத்து காட்டும். சோதனை எழுதும் டாக்டரிடம் மாத்திரை விஷயத்தை சொல்லாவிட்டால் கணக்கு தப்பிவிடும்.

மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு, அடைத்து டியூப் போட்டு எடுத்த பிறகும் போகாதவர்களுக்கு, கிட்னி வீங்கியவர்களுக்கு, பையில் கல் விழுந்தவர்களுக்கு ஆபரேஷன்தான். 

ஆபரேஷன் என்றதும் வயிற்றை கிழிப்பார்கள் என்ற பயம் இன்னும் போகவில்லை. அது தாத்தா காலத்து கதை. வயிற்று வழியாக புராஸ்டேட்டை எடுப்பதை 1900-ல் லண்டனில் பிரபலப்படுத்திய பீட்டர் ஃப்ரேயர், அதற்கு முன் 20 வருடம் நம் நாட்டில் வெள்ளைக்கார அரசின் டாக்டராக இருந்தவர். ராம்பூர் நவாப்புக்கு சிறுநீர்ப் பை கல்லை எடுத்து 1 லட்சம் ரூபாய் ஃபீஸ் வாங்கியவர். அந்த காலத்து 1 லட்சம்!

இன்று பெரும்பாலும் செய்வது "டி.யு.ஆர்.பி.". வெளியே எங்கும் கீறல் கிடையாது. சிறுநீர் வழியாகவே குழல் கருவியை விட்டு, கரண்ட் ஓடும் கம்பி வளையத்தால் அடைக்கும் சதையை சீவி சீவி எடுப்பார்கள். மாங்கொட்டையை விட்டுவிட்டு சதையை மட்டும் சுரண்டுவது போல. முதுகில் மரத்துப் போக ஊசி. இரண்டு மூன்று நாள் டியூப். 1930-களில் இருந்து உலகம் முழுக்க நடப்பது. அதாவது "கத்தி இல்லாத வைத்தியம்" வேண்டும் என்று தேடுகிறவருக்கு தெரியாத விஷயம், வழக்கமான ஆபரேஷனிலேயே வெளியில் தையல் கிடையாது என்பது. ரொம்ப பெரிய சுரப்பிக்கு லேசர் முறையும் உண்டு.

குறையும் சொல்லிவிட வேண்டும். சில நாள் ரத்தம் கலந்து வரலாம். ஒரு மாதம் கனம் தூக்க கூடாது, சைக்கிள், டூவீலர் ஓட்ட கூடாது. தாம்பத்திய உறவுக்கு பெரும்பாலும் பாதகம் வராது, ஆனால் விந்து வெளியே வராமல் பைக்குள் போய்விடும். பலருக்கும் இப்படி ஆகும். உடம்புக்கு கெடுதி இல்லை. முன்கூட்டியே சொல்லாததால் "ஆபரேஷனில் கெடுத்து விட்டார்கள்" என்று சண்டைக்கு போனவர்கள் உண்டு. சிலருக்கு பல வருடம் கழித்து சதை மறுபடி வளரும்.

இருதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை போடுபவர்கள் கதை கொஞ்சம் வேறு. அவர்களுக்கு ரத்தக்கசிவு பயம் அதிகம். நீராவியால் சுருக்குவது, சுரப்பிக்கு போகும் ரத்தக்குழாயை அடைப்பது என்று வேறு முறைகள் வந்திருப்பது இவர்களுக்கு உதவலாம். தானாக மாத்திரையை நிறுத்திவிட்டு ஆபரேஷனுக்கு போய் நிற்பது மட்டும் ஆபத்து.

பணம் எங்கே போகிறது?

மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியிலும், கோவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் யூராலஜி பிரிவு இருக்கிறது. டி.யு.ஆர்.பி. அங்கே காலம் காலமாக நடக்கும் ஆபரேஷன். கீரனூர்க்காரருக்கு பழனி பஸ் ஏறினால் அங்கிருந்து இரண்டு ஊருக்கும் பஸ் உண்டு. முதல் சோதனைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, பழனி அரசு ஆஸ்பத்திரியில் காட்டினாலே எங்கே போக வேண்டும் என்று எழுதி கொடுப்பார்கள். திண்டுக்கல்லிலும் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள்.

தனியாரில் செய்தாலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு திட்டம் இருக்கிறது. வருட வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. எல்லா ஆஸ்பத்திரியிலும் செல்லாது. "எங்ககிட்ட கார்டு செல்லும்" என்று வாயால் சொல்வதை நம்பாமல், "டி.யு.ஆர்.பி.க்கு இந்த ஆஸ்பத்திரியில் செல்லுமா" என்று காப்பீட்டு கவுண்டரில் கேட்டு, ஒப்புதல் வந்த பிறகு அட்மிட் ஆவது நல்லது.

ஒலி அலையில் வீக்கத்தை சரி செய்வதாக யாராவது சொன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் சாதாரணமானவை. எனக்கு இருப்பது வீக்கமா, புற்றா? இந்த மெஷினில் வீக்கத்துக்கு எத்தனை பேருக்கு செய்தீர்கள்? 4 வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது? டியூப் எத்தனை நாள்? பலிக்காவிட்டால் அடுத்த ஆபரேஷன் செலவு யாருடையது? கடைசி கேள்விக்கு வரும் பதிலில் பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

அடைத்துக்கொண்டால்

முழுக்க அடைத்துவிட்டால் அது அவசரம். பை நிரம்பி அடிவயிறு கல்லாக நிற்கும், சொட்டு வராது, ஆள் துடித்து போவார். வழக்கமாக வீட்டில் நடப்பது என்ன? தொப்புளில் விளக்கெண்ணெய், வயிற்றில் ஈரத்துணி, நெருஞ்சி முள் கஷாயம், பார்லி தண்ணீர். எண்ணெயும் ஈரத்துணியும் கெடுதி செய்யாது, நேரத்தைத்தான் தின்னும். ஆனால் அடைத்த குழாய்க்கு மேலே இன்னும் தண்ணீரை ஊற்றுகிற கஷாயமும் பார்லியும் வேதனையை கூட்டும். டியூப் போட்டு வடித்தால் சில நிமிடத்தில் ஆள் பிழைத்தது போல் ஆகிவிடுவார். அதற்கு அருகில் உள்ள அரசு ஆஸ்பத்திரியே போதும். ராத்திரியில் வண்டி இல்லாவிட்டால் 108.

திடீரென இப்படி அடைப்பதற்கு சளி மாத்திரையும் ஒரு காரணம். மூக்கடைப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் உள்ள மருந்து மூக்கை திறக்கும், ஆனால் சிறுநீர் வழியை இறுக்கும். தும்மலுக்கு போடும் தூக்கம் வரும் மாத்திரையும் பையை தளர்த்திவிடும். சாதாரண சளிக்கு இரண்டு மாத்திரை வாங்கி போட்டுவிட்டு விடிகாலையில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் உண்டு. ஏற்கனவே நூல் மாதிரி போகிறவர் கடையில் "எனக்கு புராஸ்டேட் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லி வாங்க வேண்டும். அளவுக்கு மீறி குடித்த ராத்திரியும், லாரியிலோ பஸ்ஸிலோ மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்ததும் இதே வேலையை செய்யும்.

ஆஸ்பத்திரிக்கு கிளம்பும்போது பழைய ஸ்கேன் ரிப்போர்ட், போடும் மாத்திரைகளின் அட்டை எல்லாம் (சுகர், பிரஷர் மாத்திரை உட்பட), காப்பீட்டு கார்டு, ஆதார், ரேஷன் கார்டு ஆகியவற்றை ஒரே பையில் எடுத்துப்போனால் இரண்டாவது தடவை அலைய வேண்டாம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் "பி.வி.ஆர்." என்று ஒரு வரி இருக்கும். சிறுநீர் போன பிறகும் பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்ற கணக்கு அது. சுரப்பியின் அளவை பார்த்து பயப்படுவதை விட, டாக்டரிடம் அந்த வரியை காட்டி "இது எவ்வளவு, கிரியாட்டினின் எவ்வளவு" என்று கேட்பது உபயோகம். சிறுநீரில் ரத்தம் வந்திருந்தாலோ, இடுப்பு எலும்பில் விடாத வலி இருந்தாலோ, கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும்.